ஒரு கரி வளையத்துக்காக

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் போனால் இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும். மற்ற பல பழைய கார்களில் வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸை மட்டும் கழற்றிக் கீழே எடுத்து, வேலையை முடித்துவிடலாம். இதில் அது நடக்காது. கியர் பாக்ஸைப் பின்னால் நகர்த்தவும் இடமில்லை, கீழே விடவும் இடமில்லை. முன்னால் இருக்கும் இன்ஜின் வெளியே வந்தால்தான் கிளட்ச் கண்ணுக்கே தெரியும்.

அப்படித் தெரியும் கிளட்சில் பெரும்பாலும் முதலில் தேய்ந்திருப்பது ஒரு கரி வளையம். உள்ளங்கையில் அடங்கிவிடும். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது அந்த வளையம்தான் முன்னே நகர்ந்து, சுழன்றுகொண்டிருக்கும் இரும்புத் தட்டின்மேல் அழுந்தி, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரிக்கிறது. இன்றைய கார்களில் அந்த இடத்தில் பால் பேரிங் இருக்கும், கூடவே சுழலும். எம்ஜிபியில் வெறும் கரி, வெறும் உரசல். சிக்னலில் கியரிலேயே நின்றபடி பெடலை மிதித்துக்கொண்டிருந்தால், நிற்கும் நேரம் முழுக்க அது தேய்கிறது. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் அப்படித்தான் ஓட்டியிருக்க வேண்டும்.

என் வண்டி 1971ஆம் வருடத்து ரோட்ஸ்டர், திறந்த கூரை, இரண்டே இருக்கை. நான் இருப்பது இங்கிலாந்தில் டிட்காட் என்ற ஊரில். பக்கத்து ஊரான ஆபிங்டனில்தான் இந்தக் கார் பிறந்தது. 1962இலிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போயிற்று. இவ்வளவு செய்த தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைனே கிடையாது. ஒரு கட்டத்து வேலை முடிந்ததும் ஆட்கள் வண்டியைக் கையால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவார்கள்.

எம்ஜி என்பது மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் வைத்திருந்த கார் விற்பனை, பழுதுபார்ப்புக் கடைக்கு அந்தப் பெயர். அதன் மேலாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மோரிஸ் கார்களுக்கு அழகான உடல் கட்டி விற்கத் தொடங்கியதில் ஆரம்பித்த கதை இது. அதே மோரிஸ் கம்பெனியின் ஆக்ஸ்போர்டு என்ற குடும்பக் கார்தான் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் ஆனது. இந்த உறவு எனக்குத் தெரியும். அது எவ்வளவு நெருக்கமான உறவு என்பதை அப்பா வந்த பிறகுதான் பார்த்தேன்.

அப்பா திருச்சியில் அம்பாசடர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். டாக்சிகள், கல்யாண வண்டிகள், ஒன்றிரண்டு டாக்டர் வண்டிகள். கோடைக்கு இங்கே வந்தவரிடம் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு வேஸ்ட் துணியை எடுத்து, மேனிஃபோல்டுக்குக் கீழே கையை விட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார்.

“டேப்பட் கவர் ரெண்டு. இன்லெட்டும் எக்சாஸ்டும் ஒரே பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கம். பாப்பா, இது நம்ம இன்ஜின். கொஞ்சம் தின்னு கொழுத்திருக்கு, அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. இரண்டிலும் இருப்பது, மோரிஸ் சேர்ந்திருந்த பிஎம்சி கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜின். அம்பாசடரில் 1489 சிசி, எம்ஜிபியில் 1798 சிசி. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர்தான், அதாவது மூன்றரை அங்குலம். சிலிண்டரின் குறுக்களவை மட்டும் 73லிருந்து 80.26 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கியதில் சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணீர் ஓட இருந்த இடம் போய், பக்கத்துச் சிலிண்டர்களின் சுவர்கள் ஒட்டிக்கொண்டன. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. வேகத்துக்கென்று பிரத்தியேகமாகச் செய்த இன்ஜினே இல்லை. குடும்பக் காரையும் வேனையும் இழுத்த இன்ஜினுக்கு இரண்டு எஸ்யூ கார்புரேட்டர் மாட்டி, தாழ்வான உடலில் வைத்தார்கள், ஸ்போர்ட்ஸ் கார் ஆயிற்று. இந்த வண்டியை நான் விரும்புவதற்கு முதல் காரணமே அதுதான். வீட்டு முற்றத்தில் வைத்து ஒருவர் பிரித்துச் சேர்க்கக்கூடிய இன்ஜின் இது.

இறக்குவது என்று முடிவானதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “செயின் பிளாக் இருக்கா?”

இல்லை. திருச்சியில் மேலே குறுக்கே போகும் இரும்பு உத்தரத்தில் செயின் பிளாக் நிரந்தரமாகத் தொங்கும். இங்கே வாடகைக்கு ஒரு மடக்கு கிரேன் கிடைக்கும். ஹைட்ராலிக் ஜாக்கி, நீண்ட கை, அடியில் சக்கரம் வைத்த இரண்டு கால். அதைக் கொண்டுவந்து இறக்கியதும் அப்பா அதன் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். எங்கள் வீட்டு முன்புறம் சரளைக்கல். “இது உருளாது. இன்ஜினைத் தூக்கிட்டு வண்டியைப் பின்னால தள்ளணும், கிரேன் நகரக் கூடாது” என்றார். கிரேனின் கீழ் மட்டும் கெட்டியான பலகை போட்டோம்.

தூக்குவது கடைசியில் வரும் சின்ன வேலை. அதற்கு முன்னால் இன்ஜினை வண்டியோடு பிணைத்திருக்கும் ஒவ்வொன்றையும் விடுவிக்க வேண்டும். அதில் ஒன்று மிச்சமிருந்தாலும், கிரேன் தூக்கும்போது அது அறுந்தோ முறிந்தோதான் தெரியவரும்.

முதலில் பேட்டரி. 1971 எம்ஜிபியில் பேட்டரி முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கடியில், ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு. அடுத்து பானெட். கீல் இருந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டுவிட்டு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். கோடு போடாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஓரத்து இடைவெளி ஒரே சீராக வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறகு ரேடியேட்டர் தண்ணீர். இது வெறும் தண்ணீர் அல்ல. குளிரில் உறையாமலிருக்கக் கலந்திருக்கும் கிளைகால் இனிப்பாக இருக்கும், நக்கினால் பூனை செத்துப்போகும். தெருவில் பூனை அதிகம். மூடிபோட்ட டப்பாவில் பிடித்து உடனே உள்ளே வைத்தேன். ரேடியேட்டரையும் அது உட்கார்ந்திருக்கும் தகரத் தடுப்பையும், முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் குழாய்களையும் கழற்றிவிட்டால் இன்ஜினின் முகம் முழுசாகத் தெரியும்.

சைலன்சர் குழாய் மேனிஃபோல்டோடு சேரும் இடத்தில் ஆறு நட்டு. ஆறும் பித்தளை. இரும்பாக இருந்தால் சூட்டில் துருவேறி ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளும். பித்தளை என்பதால் ஐம்பது வருஷம் கழித்தும் கழன்றுவந்தது. ஆனால் அந்த இடத்துக்கு ஸ்பேனரைக் கொண்டுபோவது இருக்கிறதே! ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் திருப்ப முடியும். பழைய பிரிட்டிஷ் வண்டி என்பதால் எல்லாம் அங்குல அளவு. அரை, ஏழு-பதினாறு, ஒன்பது-பதினாறு. இந்த அளவுகள் அப்பாவின் கையிலேயே இருக்கின்றன, நட்டைத் தடவிப் பார்த்துவிட்டு நான் எடுத்துத் தர வேண்டிய ஸ்பேனரைச் சொல்லிவிடுவார்.

ஒயரிங் என் பொறுப்பு. பிரிட்டிஷ் வண்டிகளின் ஒயர் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பழுப்பு என்றால் எப்போதும் மின்சாரம் உள்ளது, ஃபியூஸ் இல்லை. வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவி போட்ட பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. கறுப்பு, எர்த். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் போதாது. இத்தனை வருஷத்தில் யார் யாரோ கைக்குக் கிடைத்த ஒயரை ஒட்டுப்போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதினேன், போனில் படமும் எடுத்துவைத்தேன். ஆயில் பிரஷர் மீட்டருக்கு ஒயர் கிடையாது. இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நேராக டேஷ்போர்டுக்குப் போகிறது, எண்ணெயே உள்ளே போய் முள்ளைத் தள்ளுகிறது. அவசரத்தில் மறந்துவிடக்கூடியவற்றில் அதுவும் ஒன்று.

வண்டிக்குள்ளிருந்து கியர் கம்பியைக் கழற்ற வேண்டும். அடியில் போய் புரொப்பல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஓவர்டிரைவ் ஒயர். கிளட்சை இயக்கும் சின்ன ஹைட்ராலிக் சிலிண்டருக்கு இரண்டே போல்ட். அதன் குழாயைத் தொடவே வேண்டாம். சிலிண்டரை அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டால், பிறகு காற்றெடுக்கும் வேலை மிச்சம்.

இன்ஜினை மட்டும் எடுத்துவிட்டு கியர் பாக்ஸை வண்டியிலேயே விட்டுவைக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். கழற்றும்போது அது சுலபம். திரும்ப மாட்டும்போது, தொங்கிக்கொண்டு ஆடும் இன்ஜினின் கிளட்ச் தட்டுக்குள், கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பல் ஷாஃப்ட் நேராக நுழைய வேண்டும். கோணம் இம்மியும் பிசகக் கூடாது. இரண்டையும் சேர்த்தே எடுங்கள் என்பதுதான் என் கட்சி. அப்பாவுக்கு இதில் கட்சியே கிடையாது, வேறு விதமாகச் செய்வார்கள் என்பதையே அவர் நம்பவில்லை.

சேர்த்து எடுத்தால் சுமார் இருநூறு கிலோ, நீளமும் அதிகம். நேராகத் தூக்கினால் வெளியே வராது. மூக்கு மேலேயும் வால் கீழேயுமாக, கிட்டத்தட்ட நாற்பத்தைந்து டிகிரி சாய வேண்டும். சாய்வை மாற்ற கிரேனின் கொக்கிக்குக் கீழே ஒரு திருகுக் கம்பியை மாட்டுவார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். அப்பா அதைச் சுற்றினார், நான் ஜாக்கியை அடித்தேன்.

“ஒரு அடி அடி. நில்லு. வாலு குறுக்குச் சட்டத்துல உக்காருது. இன்னும் மூக்கைத் தூக்குறேன்… இப்ப அடி.”

இரண்டு விரற்கடை ஏறும், நிற்கும், பார்ப்போம். இன்ஜினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். கியர் பாக்ஸின் வால் முன் சட்டத்தைத் தாண்டியதும், அவர் இன்ஜினைப் பிடித்துக்கொள்ள, நான் வண்டியைப் பின்னால் தள்ளினேன். இன்ஜின் போன வண்டியின் முன்பக்கம் ஸ்பிரிங்கில் எழும்பி நின்றது.

கிளட்சைப் பிரித்தோம். கரி வளையம் அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கிண்ணத்தின் விளிம்புவரை தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இரும்பும் இரும்பும் உரசியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு வெளியே எடுத்த பிறகு வளையத்தை மட்டும் மாற்றி உள்ளே தள்ளுகிறவர் யாரும் இல்லை. கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல், இன்ஜின் மவுன்ட் ரப்பர் என்று பட்டியல் தானாக நீளும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். பலர் அந்தச் சபலத்தில் இன்ஜினை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு, வருஷக்கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஹெட்டைத் தொடவில்லை. பாகங்களுக்குப் பஞ்சம் இல்லை. விட்னி என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் கம்பெனி, பழைய அச்சுகளை வைத்து எம்ஜிபியின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் இங்கே இல்லை.

கிராங்க் ஷாஃப்டின் பின் நுனியில், ஒரு குழிக்குள், சின்னதாக ஒரு வெண்கல புஷ் இருக்கிறது. கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு அதற்குள்தான் உட்காரும். அதை வெளியே எடுக்க வேண்டும், ஆனால் பின்பக்கத்திலிருந்து தட்ட வழியில்லை, குழி மூடியது. அப்பா பழைய செய்தித்தாளைக் கேட்டார். துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, புஷ்ஷின் துளை வழியாகக் குழிக்குள் திணித்தார். துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புக் கம்பி ஒன்றை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி காகிதம், மறுபடி தட்டு. கம்பி உள்ளே போக, நனைந்த காகிதக் கூழுக்குப் போக இடமில்லை. அது புஷ்ஷின் பின் விளிம்பைத் தள்ளியது. கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்து, கடைசியில் புஷ் வெளியே வந்து தரையில் விழுந்தது. கிரீஸ் வைத்தும் இதைச் செய்யலாம். கிரீஸ் மூஞ்சியில் தெறிக்கும் என்பதால் அப்பா எப்போதும் காகிதம்தான்.

புது புஷ்ஷும் வெண்கலத்தூளை அழுத்திச் செய்தது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. அப்பா அதை விரல்மேல் நிறுத்தி, உள்ளே இன்ஜின் ஆயிலை நிரப்பி, மேல்வாயைக் கட்டைவிரலால் மூடி அழுத்தினார். நான்கைந்து நொடியில் வெளிச்சுவர் முழுக்க எண்ணெய் முத்து முத்தாக வேர்த்தது. “குடிச்சிருச்சு. இனிமே இதுக்கு யாரும் எண்ணெய் விட வேணாம்” என்றார். கார் ஓடுகிற காலமெல்லாம் அந்தத் துளைகளில் தங்கியிருக்கும் எண்ணெய்தான் அதற்கு.

மாட்டுவது, கழற்றியதைத் திருப்பிச் செய்வதுதான் என்று கையேடுகளில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை எழுதியவர் எம்ஜிபியின் கியர் பாக்ஸ் குறுக்குச் சட்டத்தை மாட்டியிருக்கவே மாட்டார். தரையில் வைத்து இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தோம். கிளட்ச் தட்டு நடுவில் நிற்க ஒரு போலி ஷாஃப்டை நுழைத்துவைத்து, பிரஷர் பிளேட்டை இறுக்கிய பிறகு அதை உருவ வேண்டும். கியர் பாக்ஸின் எடை ஒரு கணமும் அந்தத் தட்டின்மேல் தொங்கக் கூடாது, தட்டு வளைந்துவிடும். இரண்டும் முழுதாகச் சேராமல் இடைவெளி இருக்கும்போது போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்ப்பதும் கூடாது. சரியாக இருந்தால் கையாலேயே சேரும்.

பிறகு அதே சாய்வில் உள்ளே இறக்கினோம். முன் மவுன்ட்டுகள் அதிகத் தகராறு இல்லாமல் உட்கார்ந்தன. பின்னால் கியர் பாக்ஸைத் தாங்கும் அந்தச் சட்டம்தான் படுத்தியது. ரப்பர்கள் ஒரு பக்கம், துளைகள் ஒரு பக்கம், விரல் நுழையாத இடத்தில் நட்டு. எல்லா போல்ட்டையும் இரண்டு மூன்று மரை ஏற்றிவிட்டு, எதையும் இறுக்காமல், இன்ஜினை அசைத்து அசைத்து இடம்பார்க்க வைத்த பிறகுதான் இறுக்க வேண்டும். ஒன்றை முதலில் இறுக்கிவிட்டால் மற்றது ஜென்மத்துக்கும் சேராது.

ஒரு சாதாரணப் பட்டையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் ரப்பரின்மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் வண்டியின் உடலுக்கும் மின்தொடர்பு இல்லை. அதற்காகப் பின்னிய செம்புப் பட்டை ஒன்றை மாட்டியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். அதை மாட்ட மறந்து சாவியைத் திருப்பினால், மின்சாரம் வேறு வழி தேடும். இன்ஜினையும் உடலையும் தொடும் அடுத்த உலோகம் சோக் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும்தான். மெல்லிய கம்பி, பழுக்கக் காய்ந்து புகைந்துவிடும். அப்பா அந்தப் பட்டையைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், மாட்டும்வரை.

நாலரை லிட்டர் அளவுக்கு 20டபிள்யூ-50 ஆயில். எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தம் இல்லாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்ற விட வேண்டும். காய்ந்திருக்கும் ஆயில் பம்ப் எண்ணெயை இழுத்து பேரிங்குகளுக்கு அனுப்ப நேரம் எடுக்கும். பத்து நொடி சுற்றி, ஸ்டார்ட்டர் ஆற விட்டு, மறுபடி. மீட்டர் முள் அசையவே இல்லை. அப்பா சலனமில்லாமல் நின்றார். இன்னொரு முறை சுற்றியபோது முள் ஒரு துள்ளு துள்ளி மேலே ஏறியது. பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது உடனே பிடித்துக்கொண்டது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமல் விட்டதன் பலன், டைமிங் இருந்த இடத்திலேயே இருந்தது. சூடேறி ஓடும்போது 50 முதல் 80 பவுண்டு பிரஷர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அறுபதுக்குச் சற்று மேலே நின்றது.

மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, டேப்பட் பார்த்தே தீர வேண்டும் என்றார் அப்பா. ஏன் என்று நான் கேட்கவில்லை. வால்வுக்கும் ராக்கருக்கும் இடையில் பதினைந்து தௌ இடைவெளி வேண்டும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, 0.38 மில்லிமீட்டர். அம்பாசடருக்கும் அதேதான். எட்டு வால்வையும் பார்க்க ஓர் ஒன்பது கணக்கு இருக்கிறது. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருந்தால் ஒன்றாவதைச் சரிபார்க்க வேண்டும், ஐந்தாவது திறந்திருந்தால் நாலாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இன்ஜினைச் சுற்ற, நாலாவது கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால் போதும்.

தள்ளுவதற்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியைச் சுற்றி வந்தார். இளவயதில் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் வைத்திருந்தவர், அதிலும் இதே இன்ஜின்தான். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. அவருக்குத் தமிழ் வராது. நான் மொழிபெயர்க்கத் தயாரானேன், தேவைப்படவில்லை. அப்பா திறந்திருக்கும் வால்வைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். பெரியவர் வண்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஆறு விரலைக் காட்டினார். ஆறாவதில் மட்டும் பதினெட்டு தௌ இருந்தது.

“அதான் நேத்து டக் டக்னு கேட்டுச்சு” என்றபடி அப்பா லாக் நட்டைத் தளர்த்தினார்.